சுதன் நிமிசம்

என் உயிர்த் தம்பி சுதனுக்கு,

ஆள் பிரிப்பு முடிந்து ஒரு மணித்தியாலம்கூட ஆகவில்லை. பாரிஸ் கார் து நோர் நிலையத்தில் றெயில் ஏறி, இருக்க இடம் கிடைத்ததும் கொப்பியைத் திறந்துவிட்டேன். என் வீடு இருக்கும் கூசேன்வில் போய்ச் சேருவதற்குள் பாதியாவது எழுதிவிட வேண்டும். றெயில் ஆட்டத்தில் எழுத்து கோணுகிறது, பொறுத்துக்கொள்.

வழமையாக இந்த நேரம் நீதான் எனக்குப் போன் எடுப்பாய். "அக்கா, ஏசாதை, முதலே சொல்லிப்போட்டன்" என்றுதான் தொடங்குவாய். நீ சொல்லி முடிக்க முதலே நான் ஏசத் தொடங்கியிருப்பேன். பதினாலு வருடம் இப்படித்தான் போனது. இது பதினைந்தாவது பட்டியல். இந்த முறை அதை எழுதியவளும் நான், கொண்டுபோனவளும் நான்.

இந்தக் கடிதத்தை உன் ஆண்டு நினைவு மலரில் போடப் போகிறேன். மற்றவர்கள் உன்னை அமைதியானவன், பண்பாளன், அதிர்ந்து பேசாதவன் என்று எழுதுவார்கள். சனிக்கிழமை ஆட்டம் நடக்கும்போது உன்னோடு ஒரே அறையில் இருந்திராதவர்கள் அவர்கள். நானாவது உண்மையை எழுத வேண்டாமா?

பந்து தெரியாத சனமும் வாசிக்கும் என்பதால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன், நீ அவசரப்படாதே. பாரிஸில் நம் தமிழ்க் கடைகள் இருக்கும் லா சப்பலில் பத்துப் பேர் சேர்ந்து, பிரெஞ்சு முதற்பிரிவில் விளையாடும் உண்மையான ஆட்டக்காரர்களைப் பங்குபோட்டு ஆளுக்கொரு கற்பனை அணி அமைப்பார்கள். அந்தப் பங்கீடுதான் ஆள் பிரிப்பு, ஒருவர் எடுத்தவனை மற்றவர் எடுக்க முடியாது. அவன் வார இறுதியில் மைதானத்தில் நின்ற நிமிசத்துக்கும், அடித்த கோலுக்கும், கோலுக்குக் கொடுத்த பந்துக்கும் எடுத்தவருக்குப் புள்ளி. மாற்றாளாக ஓரத்து வாங்கில் குந்தியிருந்தால் ஒன்றும் இல்லை. ஆகவே ஒரு ஆட்டமும் தொடங்க முதலே, யார் எத்தனை நிமிசம் விளையாடுவான், எத்தனை கோல் அடிப்பான், எத்தனை கோலுக்குப் பந்து கொடுப்பான் என்று எழுதி, ஒன்று முதல் இருநூறு வரை வரிசைப்படுத்திக்கொண்டு போக வேண்டும். அதுதான் பட்டியல்.

2009 கோடையில் தொடங்கினோம். அந்த வருடம் நமக்கெல்லாம் எப்படிப் போனதென்று இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. மார்க்ஸ் டோர்மோயில் உன் நாலாம் மாடி அறையில் நானும் நீயும் ஒரே மேசையில் இருந்து சாப்பிடுவோம், பேச ஒன்றும் இருக்காது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ நாற்பது ஆட்டக்காரரின் பெயர் எழுதிய ஒரு நீளக் கடதாசியை என் பக்கம் தள்ளினாய். "அக்கா, இவங்களில ஆர் கூடக் கோல் அடிப்பான்? நீ கணக்குக்காரி தானே, சொல்லு பாப்பம்" என்றாய். அன்றைக்கு விட்ட பேச்சைத் திரும்பத் தொடங்கினோம். நான் பந்து பார்ப்பவளே இல்லை. ஆனால் நாளைக்கு எத்தனை பெட்டி வந்து இறங்கும் என்று இன்றைக்கே எழுதி வைப்பதுதான் றுவாசி விமான நிலையச் சரக்கு அலுவலகத்தில் என் வேலை. பெட்டியை எண்ணத் தெரிந்தவளுக்குக் கோலை எண்ண எவ்வளவு நேரம்?

எல்லாருக்கும் நாம் பட்டப்பெயர் வைத்தோம். கோலுக்கு முன்னால் கம்பம் போல் நிற்கிறவன் நெட்டையன். எப்போதும் விரலை நீட்டி மற்றவர்களுக்கு இடம் காட்டிக்கொண்டே ஓடுகிற நடுக்களக்காரன் வாத்தியார். மெதுவாக ஓடினாலும் ஒரு ஆட்டமும் தவறவிடாத தடுப்பாளன் ஆமை. நீ சொல்லிச் சொல்லி லா சப்பலிலும் அந்தப் பெயர்களே நிலைத்துவிட்டன, அவர்களுடைய சொந்தப் பெயர் எனக்கு இன்றைக்கும் பாதி தெரியாது.

என் பெயரைச் சொல்லாதே என்று உன்னிடம் கேட்டது நான்தான். இதை எல்லோரும் அறிய எழுதி வைக்கிறேன், பழி உன்மேல் வரக்கூடாது. ஆம்பிளையள் கூடிப் பந்து கதைக்கிற இடத்தில் இவளுக்கென்ன வேலை என்று கதை வரும் என்று பயந்தேன். அப்போது எனக்கு முப்பத்திரண்டு வயது, ஊர்வாய்க்கு ரொம்பவே பயம். பிறகு பயம் போய்விட்டது, ஆனால் "இனிச் சொல்லு" என்று கேட்க ரோசம் விடவில்லை. நீ பட்டியலை மடித்துப் பொக்கெற்றில் வைத்துக்கொண்டு போவாய். நான் வீட்டில் போனைப் பார்த்தபடி காத்திருப்பேன்.

நம்முடைய சண்டை எல்லாம் நிமிசத்தில்தான். நான் கடந்த மூன்று வருடத்தை எடுத்து, கடைசி வருடத்துக்குக் கூடிய பெறுமதி கொடுத்து, வயதுக்குக் கொஞ்சம் கழித்து, ஒரு எண் எழுதுவேன். அந்த நிரலுக்குத் தலைப்பு "சாந்தி நிமிசம்". நீ அதைப் பார்த்துச் சிரிப்பாய். "கோலை விடு அக்கா. ஆள் முதல்ல வேலைக்கு வருவானோ எண்டு பார்" என்பாய். நீ வேலை செய்த உணவகத்தில் சமையல்காரர்களின் பிளானிங், அதாவது வார வேலை அட்டவணை, எழுதுவது நீதானே. யார் லீவு முடிந்து திரும்பி வருவான், யார் செஃபோடு முறுகிக்கொண்டு நிற்கிறான், யாருக்கு ஒப்பந்தம் முடிகிறது, இதெல்லாம் பார்த்து வாரத்தை நிரப்புகிறவன் நீ. ஆட்டக்காரர்களையும் அப்படியே பார்த்தாய். என் எண்ணுக்குப் பக்கத்தில் இன்னொரு நிரல் போட்டு, "சுதன் நிமிசம்" என்று தலைப்பெழுதி, என் ஆட்களை ஏற்றி இறக்கினாய்.

மூன்று தடவை இரண்டாவதாக வந்தோம். ஒருமுறையும் முதலாவது இல்லை. ஒவ்வொரு மே மாதமும் நான் உன்னைத்தான் ஏசினேன். "என்ர எண்ணிலை கை வைக்காமல் விட்டிருந்தால் வெண்டிருப்பம்" என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன்? நீ ஒருநாளும் எதிர்த்துப் பேசவில்லை. "சரி அக்கா, வாற வருசம் பாப்பம்" என்பாய். அதைக் கேட்க எனக்கு இன்னும் கோபம் வரும்.

மார்ச்சில் ஒரு செவ்வாய்க்கிழமை, உணவகத்தில் உடுப்பு மாற்றும் இடத்தில் சப்பாத்துக் கட்ட இருந்த நீ எழும்பவில்லை. நெஞ்சு என்று சொன்னார்கள். நாற்பத்திரண்டு வயது. அதைப் பற்றி நான் இங்கே அதிகம் எழுதவில்லை, எழுதினால் மற்றதெல்லாம் எழுத முடியாமல் போய்விடும்.

யூலையில் யோகன் போன் எடுத்தார். லா சப்பலில் போன் கடை வைத்திருக்கிறாரே, ஆள் பிரிப்பை நடத்துகிறவர், அவர்தான். "அக்கா, இந்த முறை சுதன்ர கதிரையை மரியாதைக்குச் சும்மா விடுறம். எல்லாரும் ஒத்துக்கொண்டாச்சு" என்றார்.

"நான் வாறன்" என்றேன்.

"கட்டாயம் வாங்கோ அக்கா. நீங்கள்தான் விளக்கேத்த வேணும்."

போனை வைத்துவிட்டு நேரே கணினியைத் திறந்தேன். விளக்கு ஏற்றவா நான் பதினாலு வருடம் எண்ணினேன்? உன் கதிரையில் இருந்து ஆள் பிரிக்க வேண்டும். ஆம்பிளையள் ஒன்பது பேர் பார்க்க, என் பட்டியலை என் கையால் விரிக்க வேண்டும். அதற்குமேல் எனக்கு அந்த நேரம் எதுவும் பெரிதாகத் தெரியவில்லை.

ஆனால் உன் நிரல் வெறுமையாக இருந்தது. இருநூறு வரி, ஒரு எண்ணும் இல்லை. அதை அழித்துவிட்டு என் எண்களோடு மட்டும் போவோம் என்று முதலில் நினைத்தேன். இவ்வளவு காலமும் கேட்டது அதைத்தானே! அழிக்க முதல், எவ்வளவு பிழை விட்டிருக்கிறாய் என்று ஒருமுறை எண்ணிப் பார்த்துவிடுவோம் என்று பழைய பட்டியல்கள் எல்லாவற்றையும் திறந்தேன். நீ திருத்திய ஆட்களை மட்டும் பிரித்தெடுத்து, என் நிமிசம், உன் நிமிசம், உண்மையில் விளையாடிய நிமிசம் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன்.

தம்பி, நீதான் சரி. ஒன்றிரண்டு இல்லை, பெரும்பாலான இடங்களில் உன் எண்தான் கிட்ட நின்றது. நாம் இரண்டாவதாக வந்த மூன்று வருடமும் உன் திருத்தத்தை எடுத்துவிட்டுத் திரும்பக் கூட்டிப் பார்த்தேன். ஐந்தாவது, நாலாவது, ஆறாவது. என் எண்ணோடு மட்டும் போயிருந்தால் அதுதான் நம் இடம். இதைப் பார்க்க எனக்கு ஒரு பின்னேரம் போதுமாக இருந்தது. பதினாலு வருடத்தில் ஒரு பின்னேரம் எனக்கு ஏன் கிடைக்கவில்லை? ஏசுவதற்கு மட்டும் எப்படி நேரம் கிடைத்தது? மேசையில் தலையை வைத்து அழுதேன். உன் செத்தவீட்டில்கூட அப்படி அழவில்லை.

அழுது முடிந்ததும் ஒரு கேள்வி வந்தது. உனக்கு இதெல்லாம் எப்படித் தெரிந்தது? அடுத்த நாள் அரை நாள் லீவு போட்டு, மூன்று மணிக்கு உன் உணவகத்தின் பின்கதவுக்குப் போனேன். மத்தியானச் சனம் போய், வேலையாட்கள் இருந்து சாப்பிடும் நேரம் அது. பக்காரி கதவைத் திறந்தார். மாலி நாட்டுக்காரர், உன்னோடு பாத்திரம் கழுவத் தொடங்கி இப்போது மரக்கறிப் பக்கம் நிற்கிறவர். பிரெஞ்சில் என்னை யாரென்று சொல்லத் தொடங்கினேன். அவர் பாதியில் மறித்து, "அக்கா" என்றார். தமிழிலேதான் சொன்னார்.

"அதுதான் உங்கள் பெயர் என்று இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன்" என்றார், மற்றதெல்லாம் பிரெஞ்சில்தான். "ஓகஸ்ட் வந்தால் சுதன் ஒரு தாளைக் கொண்டுவந்து மேசையில் விரிப்பான். இது அக்கா எழுதியது, நல்லாய்ப் பார்த்துச் சொல்லுங்கள், சும்மா வாய்க்கு வந்ததைச் சொன்னால் அவ கண்டுபிடித்துவிடுவா என்பான். எங்களுக்கு உங்களை நினைத்துக் கொஞ்சம் பயம்."

அட கள்ளா! லா சப்பலில் என்னை ஒளித்து வைத்துவிட்டு, ஒரு சமையலறை முழுவதற்கும் சொல்லியிருக்கிறாய். பக்காரிக்கு மேற்கு ஆபிரிக்கா முழுவதும் வானொலி வழியாகத் தெரியும். சனவரியில் ஆபிரிக்கக் கிண்ணத்துக்கு யாரைக் கூப்பிடுவார்கள், யாருக்குப் பயிற்சியாளரோடு பேச்சு இல்லை, யார் நோன்பு மாதத்தில் களைத்துப்போவான், எல்லாம் அந்த மேசையில் சோற்றுக்கும் கோப்பிக்கும் இடையில்தான் பேசியிருக்கிறீர்கள். நீ அதைக் கேட்டு எண் எழுதியிருக்கிறாய்.

நான் தாளை விரித்தேன். பக்காரி கண்ணாடியைப் போட்டு மேலிருந்து கீழே வாசித்தார். பிறகு மிக மரியாதையாக, "அக்கா, எத்தனை ஆட்டம் என்று கணக்கு வைத்தீர்கள்?" என்று கேட்டார்.

"முப்பத்தெட்டு" என்றேன்.

"இந்த வருடம் கழகங்கள் பதினெட்டுத்தான். முப்பத்துநாலு ஆட்டம்."

எனக்கு முகம் கொதித்தது. ஆமைக்கு மூவாயிரத்து நானூறு நிமிசம் எழுதி வைத்திருக்கிறேன். அவன் ஒரு நிமிசமும் தவறாமல் விளையாடினாலும் மூவாயிரத்து அறுபதுதான் வரும். நல்ல காலம், இதை நீ கண்டிருந்தால் அடுத்த ஓகஸ்ட் வரைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்பாய். பக்காரி சிரிக்கவில்லை. கோப்பி ஊற்றித் தந்தார். மூன்று தடவை போனேன், மூன்றாம் தடவை உன் நிரலில் ஐம்பத்தொரு எண் இருந்தது.

இன்று மத்தியானம் யோகனின் கடை மேல்மாடிக்குப் போனேன். கதவைத் திறந்ததும் என்ன கண்டேன் தெரியுமா? உன் கதிரையில் உன் படம். மல்லிகை மாலை போட்டு, பொட்டு வைத்து, முன்னால் குத்துவிளக்கு, ஒரு தட்டில் நீ குடிக்கிற மாதிரிப் பால் விட்ட கோப்பி. ஒன்பது பேரும் எழும்பி நின்றார்கள். நம் சனம் அன்பு வைத்தால் இப்படித்தான், ஆள் பிரிக்கிற மேசையிலும் திவசம் செய்துவிடும்.

விளக்கேற்றினேன். கும்பிட்டேன். பிறகு, "தம்பியின்ர அணிக்கு ஆர் ஆள் எடுக்கிறது?" என்று கேட்டேன்.

மன்னார் வாஸ்தான் பதில் சொன்னார், றுவாசியில் பெட்டி ஏற்றுகிறவர், உன் பழைய எதிரி. "கடைசியில மிச்சம் வாறவங்களைச் சுதன்ர பேரில போடுவம் அக்கா. ஒரு மரியாதைக்கு."

எனக்கு வந்த கோபத்தை என்னவென்று சொல்ல. "என்ர தம்பிக்கு மிச்சமோ?" என்றேன். சத்தம் கீழே கடைவரைக்கும் கேட்டிருக்கும். உன் படத்தைத் தூக்கி யன்னல் பக்கம் வைத்துவிட்டுக் கதிரையில் இருந்தேன். கைப்பையைத் திறந்து பட்டியலை எடுத்து மேசையில் விரித்தேன்.

யோகன் சுதாரித்துக்கொண்டு, "அப்ப அக்கா, முதல் ஆள் நீங்கள் எடுங்கோ. நெட்டையனை உங்களுக்கு விடுறம்" என்றார்.

"பாவம் பாத்து விளையாடுறதெண்டால் சொல்லுங்கோ, நான் இப்பவே வீட்டை போறன். சீட்டுக் குலுக்குங்கோ."

குலுக்கினார்கள். எனக்கு எட்டாவது. போகும்போது ஒன்று முதல் பத்து, வரும்போது பத்து முதல் ஒன்று, அதனால் எட்டாவது எடுத்த கையோடு பதின்மூன்றாவதும் எனக்கு.

ஏழு பேர் போன பிறகும் நெட்டையன் எடுபடாமல் நின்றான். வேண்டுமென்றே விட்டு வைத்திருக்கிறார்கள், முகத்தில் எழுதியிருந்தது. நான் வாத்தியாரை எடுத்தேன். வாஸ் இரக்கத்தோடு குனிந்து, "அக்கா, நெட்டையன் இன்னும் நிக்கிறான். கோல் அடிக்கிறவன்" என்று மெதுவாகச் சொன்னார். அவன் சனவரியில் ஆபிரிக்கக் கிண்ணத்துக்குப் போனால் ஐந்து ஆட்டம் இல்லை என்று நான் ஏன் சொல்ல வேண்டும்? நெட்டையனைப் போல முன்வரிசையில் இன்னும் ஆறு பேர் இருக்கிறார்கள். பெனால்டியும் அடித்து, மூலைப் பந்தும் அடித்து, எல்லா ஆட்டமும் நிற்கிற நடுக்களக்காரன் வாத்தியார் ஒருவன்தான். ஒருவன் எத்தனை புள்ளி எடுப்பான் என்பதைப் பார்க்கக் கூடாது, அவனுடைய இடத்தில் பத்தாவதாக நிற்கிறவனைவிட எத்தனை புள்ளி கூட எடுப்பான் என்று பார்க்க வேண்டும். நான் கண்டுபிடித்து உனக்குச் சொன்னது இது. கோல் காக்கிற கோலிகளைக் கடைசி வரைக்கும் தொடாதே என்றதும் அதனால்தான். பத்து அணிக்குப் பத்துக் கோலிகள் இருக்கத்தான் செய்கிறார்கள்.

ஐந்தாம் சுற்றில் அவர்களுடைய இரக்கம் போய்விட்டது. நான் எடுக்க நினைத்த ஆமையை யோகன் எனக்கு முன்னால் பிடுங்கினார், நான் வாஸின் ஆளைப் பிடுங்கினேன். வாஸ் மேசையில் அடித்தார். "என்ன அக்கா இது!" என்று கத்தினார். எவ்வளவு சந்தோசமாக இருந்தது தெரியுமா! இவ்வளவு காலமும் போனில் கேட்டே வாழ்ந்த இடத்தில் நானே இருந்து ஏச்சு வாங்கினேன்.

கடைசிச் சுற்று வந்தது. ஒரு ஆள்தான் மிச்சம் எடுக்க வேண்டும். என் நிரலில் முன்னுக்கு நின்றவன் மூன்று வருடமாக ஒழுங்காக விளையாடும் ஒரு தடுப்பாளன். உன் நிரலில் நின்றவனுக்கு என் பக்கம் எண்ணே இல்லை, போன வருடம் ஒரு கைப்பிடி ஆட்டம்கூட விளையாடாத ஒரு சின்ன ஓட்டக்காரன். பக்காரி அவனுக்குச் சுண்டெலி என்று பெயர் வைக்கச் சம்மதித்திருந்தார். அவனுக்கு முன்னால் நிற்கிறவன் பயிற்சியாளரோடு முறுகிவிட்டான், ஒக்டோபரிலிருந்து இவன்தான் என்பது பக்காரியின் சொல். உன் நிரலுக்கு நேரே விரலை வைத்துக்கொண்டு, சுண்டெலியை எடுத்தேன்.

யோகன் பேனையைக் கீழே வைத்தார். என் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அக்கா, முன்னுக்கு எடுத்ததெல்லாம் சுதன் எடுக்கிற மாதிரித்தான் இருந்தது. இந்தத் தாளிலை இருக்கிறது உங்கட எழுத்து, சுதன் கொண்டுவாற தாளிலையும் இதே எழுத்துத்தான். அப்ப பதினாலு வருசமா நாங்கள் உங்களோடயோ விளையாடினனாங்கள்?"

ஓம் என்று சொல்லத்தான் நான் இவ்வளவு தூரம் வந்தேன். வருடக்கணக்காகக் கனவு கண்டது அந்த ஓமைத்தான். ஒன்பது பேரும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் விரல் இன்னும் உன் நிரலில்தான் இருந்தது.

"இல்லை, ரெண்டு பேரோடையும்" என்றேன். "நான் வரிசை போட்டனான். அவன் அதைத் திருத்தினவன். திருத்தினதுதான் சரி."

தாளை அவர்கள் பக்கம் திருப்பி இரண்டு நிரலையும் காட்டினேன். வாஸ் குனிந்து உன் தலைப்பை எழுத்துக் கூட்டி வாசித்தார். யோகன் அணிப் புத்தகத்தில் உன் பெயருக்குக் கீழே என் பெயரையும் எழுதினார். சாந்தி. பிழையில்லாமல் எழுதினார்.

றெயில் கூசேன்வில் வந்துவிட்டது. நான் இறங்காமல் திறந்த கதவைப் பார்த்தபடி எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று நினைக்காதே, இறங்கி மேடை வாங்கில் இருந்துதான் முடிக்கிறேன். வெள்ளிக்கிழமை முதலாட்டம். வாத்தியார் விளையாடுகிறான்!

சத்தியம் ஒன்று பண்ணித் தருகிறேன், எல்லோரும் அறியவே. ஒவ்வொரு ஓகஸ்டும் நம் பட்டியலில் இரண்டு நிரல் இருக்கும். உன்னுடையதை நான் என் தலையிலிருந்து நிரப்ப மாட்டேன், பின்கதவுக்குப் போய்க் கேட்டுத்தான் நிரப்புவேன். மே மாதம் வென்றால், உன் எண்ணால் எத்தனை புள்ளி வந்தது என்று யோகனின் மேல்மாடியில் எழும்பி நின்று வாசிப்பேன். தோற்றால் ஏச மாட்டேன் என்று சொன்னால் நீயே நம்ப மாட்டாய். ஏசுவேன், சுதன். ஆனால் இனிமேல் எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் ஏசுவேன்.

உன்னோடு சேர்ந்து பட்டியல் எழுதுகிற
உன் அக்கா,
சாந்தி